யாருடைய திறமை வீணாகிறது?

"எவ்வளவு திறமை. எல்லாத்தையும் வீணாக்குறான்."

எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து சொல்லப்பட்ட வசனம் இது. சொன்னவர் என் அண்ணா. சொல்லப்பட்டவர் என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர் அண்ட்ரூ விகின்ஸ். அண்ணாவும் அவருடைய கூட்டாளிகளும் விகின்ஸை ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஆனால் விகின்ஸ் ரொறன்ரோவில் பிறந்து, ஸ்காபுரோவில் இருக்கும் எங்களுக்கு அதிகம் தூரமில்லாத வோன் நகரில் வளர்ந்தவர். அதனால் அவர் 'எங்கட பொடியன்'. எங்கட பொடியன் சரியாக விளையாடாவிட்டால் கோபிக்கிற உரிமை எங்களுக்கு இருக்கிறது என்பது அவர்களுடைய நியாயம்.

எதிர்பார்ப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2014இல் புதிய வீரர்களைத் தெரிவு செய்தபோது முதலாவதாக எடுக்கப்பட்டவர் அவர். 'மேப்பிள் ஜோர்டன்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். எடுத்த கிளீவ்லாந்து அணி ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் மினசோட்டாவுக்கு மாற்றிவிட்டது. அங்கே முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுக வீரர் விருதை வாங்கினார். அந்த விருதைப் பெற்ற முதல் கனடியர் அவர்தான். 2016 நவம்பரில் லேக்கர்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 47 புள்ளிகள். அன்று எங்கள் வீட்டு நிலவறையில் எழுந்த சத்தத்துக்கு மேல்வீட்டில் படுத்திருந்த அம்மா எழும்பி வந்தார்.

அதற்கு அடுத்தடுத்த ஆட்டங்களில் ஆள் மைதானத்தில் நிற்கிறாரா என்று தேட வேண்டியிருக்கும். மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று, தடுப்பவரின் கைக்கு மேலாக எறிவார். கூடைப்பந்தில் அதைவிட இலாபம் குறைந்த எறிதல் கிடையாது. தூரம் அதிகம், விழுந்தாலும் இரண்டு புள்ளிதான். 2017இல் ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 14 கோடியே 80 இலட்சம் டொலர் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதற்கு முன்பு அணியின் உரிமையாளர், பொடியனை நேரில் இருத்தி, இன்னும் நன்றாக ஆடுவேன் என்று வாக்கு வாங்க வேண்டும் என வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். ஆட்டத்துக்கு 23.6 புள்ளி என்றிருந்த சராசரி, அதற்குப் பிறகு இரண்டு பருவங்களும் 18க்குப் பக்கத்தில் நின்றது. அண்ணா தொலைபேசியில் கணக்குப் போட்டு, ஒரு புள்ளிக்கு எத்தனை டொலர் என்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார்.

நான் ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறவள். அதனால் என் கண் வேறோர் எண்ணில் போய் நின்றது. முதல் நான்கு பருவங்களில் மினசோட்டா ஆடியவை 328 ஆட்டங்கள். விகின்ஸ் ஆடியவை 327. நான்கு ஆண்டுகளில் ஒரேயொரு நாள்தான் அவர் வேலைக்கு வராமல் இருந்திருக்கிறார். இப்படி ஒரு வரவுப் பதிவை நான் என் அலுவலகத்தில் கண்டதில்லை. ஆனாலும் அவருக்குக் கிடைத்த பெயர் 'நிலையில்லாதவன்'.

அவர் கொடுத்ததை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. அவரால் கொடுக்க முடியும் என்று தாங்கள் நினைத்ததோடு அதை வைத்துப் பார்த்தார்கள். இடையில் இருந்த தூரம் கடனாக அவர் தலையில் ஏறியது. திறமை என்பது அவரிடம் எல்லோரும் சேர்ந்து கொடுத்து வைத்த பணம் போலவும், அவர் வட்டி கட்டத் தவறுவது போலவும்தான் கதைத்தார்கள்.

இந்தக் கதைகளைக் கேட்டுக்கொண்டு தேநீர் ஊற்றிய நாட்களில் எனக்குள் ஒரு கேள்வி வந்தது. என் மீது யாராவது இப்படிக் கோபப்பட்டிருக்கிறார்களா?

யாழ்ப்பாணத்தில் நான் விளையாடியது வலைப்பந்து. கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் ஒன்ராறியோவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891இல் அவர் அதை உருவாக்கிச் சிறிது காலத்துக்குள், அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை பெண்களுக்காக விதிகளை மாற்றினார். மைதானத்தை மூன்றாகப் பிரித்து, எவரும் தன் பகுதியைத் தாண்டக் கூடாது என்று வைத்தார். பெண் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று ஊரே நம்பிய காலத்தில், அவர்களை மைதானத்தில் இறக்கிவிட அவர் கண்ட வழி அது. வலைப்பந்திலும் அதே சாயல் இருக்கிறது. மார்பில் கட்டிய எழுத்து நீ எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று சொல்லும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. நான் 'கோல் ஷூட்டர்'. கம்பத்துக்குக் கீழே எனக்கென்று ஓர் அரைவட்டம் இருந்தது. அங்கிருந்து எறிந்தால் பெரும்பாலும் விழும்.

1994இல், பதினைந்து வயதில், ஸ்காபுரோவுக்கு வந்தேன். அடுத்த ஆண்டு ராப்டர்ஸ் அணி தொடங்கியது. ஊர் முழுக்கக் கூடைப்பந்து பிடித்தாட்டியது. எங்கள் பள்ளிக்கூடத்தின் பெண்கள் அணிக்கு ஆள் எடுத்தபோது நானும் போனேன். பந்தோடு ஓடலாம் என்பதே எனக்குப் புதிது. மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை யாரும் விசில் ஊதி நிறுத்தாமல் ஓடிய அந்த முதல் நாள், இறைத்த மூச்சு வீடு வரும்வரை அடங்கவில்லை. மூன்று கிழமைப் பயிற்சியில் அணிக்குள் எடுத்துவிட்டார்கள்.

பிறகு அம்மாவுக்குத் தொழிற்சாலையில் மாலை வேலை கிடைத்தது. தம்பியும் தங்கச்சியும் சின்னவர்கள். மூன்றரைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, சோறு வைத்து, வீட்டுப்பாடம் செய்விக்க ஓராள் வேண்டும். அண்ணாவுக்கும் அதே நேரத்தில் பயிற்சி இருந்தது. வீட்டில் யாரும் கூடியிருந்து முடிவு எடுக்கவில்லை. முடிவு எடுக்க அங்கே ஏதும் இருந்ததாகவே எவருக்கும் தோன்றவில்லை. நான் போவதை நிறுத்தினேன். பட்டியலில் இன்னொரு பெயர் வந்தது. ஏன் நின்றாய் என்று வீட்டிலோ வெளியிலோ ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அண்ணா முழங்காலைத் திருகிக்கொண்டு விளையாட்டை விட்டார். அந்தத் துக்கத்துக்கு மாமா மொன்றியலில் இருந்து தொலைபேசி எடுத்தார். "அருமையான விளையாட்டுக்காரன், அநியாயமாய்ப் போச்சு" என்று இன்றைக்கும் கலியாண வீடுகளில் சொல்கிறார்கள். அண்ணாவின் துக்கம் உண்மையானது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒருவரின் திறமை வீணாகிப்போனது என்று சொல்வதற்கு, அது இருந்தது என்றும் அது எங்கேயோ போய்ச் சேர வேண்டியது என்றும் யாராவது முதலில் நம்பியிருக்க வேண்டும். என் விஷயத்தில் அந்த முதல் படியே நடக்கவில்லை. நான் யாரையும் ஏமாற்றவில்லை.

விகின்ஸின் அம்மாவைப் பற்றி நான் தேடி வாசித்தது இதற்குப் பிறகுதான். மரீட்டா பெய்ன் பார்படோஸில் பிறந்து கனடாவுக்கு வந்தவர். 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தொடர் ஓட்டங்களில் கனடாவுக்கு வெள்ளிப் பதக்கம் வென்ற அணிகளில் ஓடினார். தனி ஓட்டமான 400 மீட்டர் இறுதியில் 49.91 விநாடியில் நான்காவதாக வந்தார். அப்பா மிட்செல் விகின்ஸ் என்.பி.ஏ.யில் ஆடியவர். ஆறு பிள்ளைகள். வர்ணனையாளர்கள் அம்மாவை மறந்துவிடுவதில்லை. மகன் உயரத் துள்ளும்போதெல்லாம் "தாயும் ஓட்டக்காரி, அந்தக் கால்கள் அங்கிருந்து வந்தவை" என்பார்கள். இரண்டு ஒலிம்பிக் பதக்கங்கள், மகனின் தொடைத் தசைக்கு விளக்கவுரையாகிவிட்டன.

2020 பெப்ரவரியில் மினசோட்டா விகின்ஸைக் கோல்டன் ஸ்டேட் அணிக்குக் கொடுத்துவிட்டது. அங்கே ஸ்டெஃபன் கரி இருந்தார். கரி மைதானத்தின் பாதியைத் தாண்டினாலே எதிரணியில் இரண்டு பேர் அவரை நோக்கிச் சாய்வார்கள். அதனால் மற்றவர்களுக்கு இடம் திறக்கும். அணியைத் தூக்கி நிறுத்து என்று விகின்ஸிடம் யாரும் சொல்லவில்லை. எதிரணியின் மிகச் சிறந்த வீரரைத் தடு, தனித்து நிற்கும்போது எறி என்றார்கள். 2022 இறுதித் தொடரில் அவர் பொஸ்டனின் ஜேசன் டேட்டத்தை விடாமல் மறித்தார். நான்காவது ஆட்டத்தில் 16 மீள்பந்துகள் பிடித்தார். ஐந்தாவதில் 26 புள்ளிகள், 13 மீள்பந்துகள். கிண்ணம் கிடைத்தது. "இப்பத்தான் உவனுக்குப் புத்தி வந்திருக்கு" என்றார் அண்ணா. மினசோட்டாவில் நின்ற அதே மனிதர், அதே கால்கள். மாறியது அவரைச் சுற்றி இருந்த இடம். திறமைக்குப் பக்கத்தில் யாராவது நின்று இடம் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. மூன்றரை மணிக்குச் சின்னவர்களைக் கூட்டி வர வேறு ஓராள் இருந்திருந்தால் நான் எப்படி ஆடியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்புத்தான் இடம் என்பது.

அடுத்த பருவத்தில் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. 2023 பெப்ரவரியில் குடும்பக் காரணம் என்று சொல்லி விகின்ஸ் அணியை விட்டுப் போனார். பருவத்தின் கடைசி 25 ஆட்டங்களில் அவர் இல்லை. என்ன காரணம் என்று அணி சொல்லவில்லை. சொல்லாத இடத்தை இணையம் நிரப்பியது. அவருடைய துணைவியின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு கதை கட்டி, உலகம் முழுக்கச் சிரித்துச் சிரித்துப் பகிர்ந்தார்கள். அது பொய் என்று அந்தப் பெண் சொன்னதையும் சிரிப்போடு பகிர்ந்தார்கள். அண்ணாவின் வட்சப் குழுவுக்கும் அது வந்து சேர்ந்தது.

"பின்ன ஏன் ஒரு மனுசன் ஆட்டத்தை விட்டுட்டுப் போகவேணும்? வீட்டுக்குள்ள ஏதோ பிழை" என்றார் அண்ணா, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில்.

அம்மா மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "தாய் தேப்பனுக்கு ஏதும் வருத்தமோ தெரியாது."

ஏப்ரலில் செய்தி வந்தது. அவருடைய அப்பா கடுமையாக நோய்வாய்ப்பட்டிருந்தார். மிட்செல் விகின்ஸ் 2024 செப்ரெம்பரில் காலமானார். "தேப்பனுக்குத்தான் வருத்தமாம், பாவம்" என்று அண்ணா வந்து சொன்னார். அந்தப் பெண்ணைப் பற்றி, குழுவில் ஒருவரும் பிறகு ஒரு சொல் எழுதவில்லை.

எங்கள் வீட்டில் கிரிக்கெட்டும் பார்ப்போம். 2015 உலகக் கிண்ண அரையிறுதியில் விராட் கோலி ஒரு ஓட்டத்தோடு ஆட்டமிழந்ததற்கு, சிட்னியில் பார்வையாளராக இருந்த அனுஷ்கா சர்மாவை இந்தியாவே திட்டித் தீர்த்தது நினைவிருக்கிறது. ஆணின் திறமை ஊர்ச்சொத்து. அது குறைந்தால் களவெடுத்தது யார் என்று தேடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் பெண் கையில் அகப்படுகிறாள்.

ஆனால் என்னை அதிகம் தைத்தது வேறொன்று. ஓர் ஆண் நோயாளியான அப்பாவைப் பார்க்க வேலையை விட்டுப் போயிருக்கலாம் என்பது இலட்சக்கணக்கான விசிறிகளுக்கு முதலில் தோன்றவே இல்லை. பராமரிப்பு ஓர் ஆணுக்குக் காரணமாக இருக்க முடியாது என்பதால், வேறு காரணம் புனைய வேண்டி வந்தது. நான் பதினாறு வயதில் அதே குடும்பக் காரணத்துக்காக நின்றபோது, அது பெண் பிள்ளைக்கு அவ்வளவு இயல்பான காரணம் என்பதால் ஒருவரும் விசாரிக்கவே தேவைப்படவில்லை. அவர் இல்லாத 25 ஆட்டங்களையும் உலகம் எண்ணியது. நான் ஆடாத ஆட்டங்களுக்கு எண்ணிக்கை இல்லை.

இப்போது என் மகள் பள்ளிக்கூட அணியில் ஆடுகிறாள். ரொறன்ரோவுக்கு ஆண்கள் அணி வந்து இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2024இல், பெண்கள் அணி ஒன்று அறிவிக்கப்பட்டதை அறையில் ஒட்டி வைத்திருக்கிறாள். சென்ற மாதம் ஓர் ஆட்டத்தில் 19 புள்ளிகள் எடுத்தாள். அடுத்த ஆட்டத்தில் இரண்டு. அன்று எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு தமிழ்த் தகப்பன் தலையில் கை வைத்தார். "என்ன திறமையான பிள்ளை. ஏன் இப்பிடி வீணாக்குது?"

எனக்குக் கோபம் வர வேண்டும். ஆனால் அந்த வசனத்தை ஒரு பெண் பிள்ளையைப் பார்த்து ஒருவர் சொல்ல நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளிடம் திறமை இருக்கிறது என்பதை அவர் சந்தேகிக்கவில்லை. அது எங்கேயோ போய்ச் சேர வேண்டும் என்றும் நம்புகிறார். என் மகளுக்கு அந்த எதிர்பார்ப்பு வேண்டும். இரண்டு புள்ளி எடுக்கிற நாளில் அவளைக் கடன்காரியாக்காத மனிதர்களும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பது பேராசை என்று நான் நினைக்கவில்லை.

காரில் ஏறியதும் கேட்டாள்: "அம்மா, இண்டைக்குச் சொதப்பிட்டன் என்ன?"

"ஓம். இண்டைக்குச் சரியில்லை" என்றேன். "அடுத்த பயிற்சி எப்ப?"

செவ்வாய்க்கிழமை, மூன்றரைக்கு. எனக்கு அன்று வேலை முடிய ஆறு மணியாகும். அண்ணாவை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். வேலையிலிருந்து முந்தி வெளிக்கிட வேண்டும் என்று முணுமுணுத்தார், பிறகு சரி என்றார்.