காலி என்று நினைத்த டிரைவ்

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கியது. எங்கள் திருவொற்றியூரும் அப்போது அதே மாவட்டத்தில் இருந்ததால், நம்ம மாவட்டத்து விழா என்று எங்கள் பக்கத்தில் கொஞ்சம் பெருமை. முதலில் வந்த லேப்டாப்புகளில் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். வால்பேப்பரைக்கூட மாற்றவிடாத பதிப்பு. இன்னொன்று பாஸ் லினக்ஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கி 2007இல் வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யலாம். பிள்ளைகள் அதை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு விண்டோஸுக்கே திரும்பிவிட்டார்கள்.

காலடிப்பேட்டையில் சித்தப்பா நடத்திய பிரவுசிங் சென்டரில் மாலை நேரங்களில் நான் உட்கார்ந்திருப்பேன். அந்த லேப்டாப்போடு பள்ளிக்கூடத்துப் பையன்கள் வருவார்கள். கறுப்புத் திரையில் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி நிற்கும், அதற்குமேல் நகராது. என்னடா செய்தாய் என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்:

“ஒண்ணும் பண்லண்ணா. காலியா ஒரு டிரைவ் இருந்திச்சு, அத மட்டும் தூக்கிட்டேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. படமும் பாட்டும் ஏற்ற இடம் போதவில்லை என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்திருக்கிறான். சி டிரைவுக்கு என்டிஎஃப்எஸ் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் பல ஜிபி அளவில் ஒரு பார்ட்டிஷன். அதற்கு டிரைவ் எழுத்தும் இல்லை, பெயரும் இல்லை, எந்த ஃபைல் சிஸ்டம் என்ற குறிப்பும் இல்லை. காலி என்று அவன் நினைத்ததில் என்ன தப்பு? லினக்ஸ் தன் கோப்புகளை எக்ஸ்ட் வகை ஃபைல் சிஸ்டத்தில் வைக்கும். விண்டோஸுக்கு அது படிக்க வராது.

லினக்ஸ் போனால் விண்டோஸ் ஏன் எழவில்லை? அன்றைய ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டர் 512 பைட். அதில் 446 பைட் கணினியை எழுப்பும் நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் முத்திரை. இரண்டு இயங்குதளம் உள்ள லேப்டாப்பில் அந்த 446 பைட்டில் இருப்பது லினக்ஸோடு வரும் க்ரப் நிரலின் தொடக்கம். ஆனால் எதைத் திறக்கலாம் என்று கேட்கும் மெனு உள்ளிட்ட க்ரப்பின் பெரும்பாலான பாகங்கள் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் கிடக்கும். அந்தப் பார்ட்டிஷனை நீக்கினால் க்ரப் பாதி வழியில் நின்றுவிடும். விண்டோஸ் ஒரு கீறலும் இல்லாமல் உள்ளேயே இருந்தாலும் அதை எழுப்ப ஆளில்லை. விண்டோஸ் டிவிடியைப் போட்டு பூட்ரெக் கட்டளையால் அந்த நிரலை மாற்றி எழுதினால் லேப்டாப் எழுந்துவிடும். பையன் முகத்தில் சிரிப்பு வரும். பாஸ் லினக்ஸ் என்ன ஆயிற்று என்று ஒருவன்கூடக் கேட்டதில்லை.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. பார்ட்டிஷனை நீக்கினால் அட்டவணையில் அதற்குரிய 16 பைட் பதிவு மட்டும்தான் அழியும். உள்ளே இருக்கும் கோப்புகளை யாரும் தொடுவதில்லை. மேலே வேறு எதையும் எழுதாதவரை, டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச நிரலால் அந்தப் பதிவை மீட்டுவிடலாம்.

விண்டோஸைப் போல லினக்ஸ் அடுத்தவர் வட்டைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் பழைய ஃபேட்டைப் படிக்கும், ஆப்பிளின் வட்டைப் படிக்கும். என்டிஎஃப்எஸ்ஸின் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் முழுதாக வெளியிடாதபோதும், லினக்ஸ்காரர்கள் வட்டை ஆராய்ந்தே அதன் வழியைக் கண்டுபிடித்தார்கள். 2007இல் வந்த என்டிஎஃப்எஸ்-3ஜி அதில் படிக்கவும் எழுதவும் செய்தது. எண்ணூர்க்காரனுக்கு அடையாறு போக எந்த பஸ் என்று தெரியும். அடையாறுக்காரர் ராயபுரத்துக்கு வடக்கே என்ன ஊர் இருக்கிறது என்று நம்மையே கேட்பார். தேவை உள்ளவன்தான் கற்றுக்கொள்கிறான். சந்தையே கையில் இருந்த விண்டோஸுக்கு அந்தத் தேவை வரவில்லை. விண்டோஸ் 11இல், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாகச் சுற்றிப் போய் எக்ஸ்ட்4 வட்டைப் பார்க்கலாம். இரட்டைக் கிளிக்கில் இன்றும் திறக்காது.

கல்யாண வீடியோக்காரர்களுக்கு வேறு தொல்லை. ஃபேட்32இல் ஃபார்மேட் செய்த 16 ஜிபி பென்டிரைவில் ஐந்து ஜிபி வீடியோ ஏறாது. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாது என்பது கணக்கு. பெரிய கோப்புகளுக்கென்று வந்த எக்ஸ்ஃபேட்டின் விவரங்களை மைக்ரோசாஃப்ட் 2019இல் வெளியிட்டது. அதன் பிறகு அது லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. கதவைத் திறந்தால் எல்லாருக்கும் வேலை எளிது என்பதற்கு அந்த ஒன்றே போதும்.

படிக்கத் தெரியாததைவிட எனக்குக் கோபம் வருவது விண்டோஸ் காட்டும் ஓர் அறிவிப்பின் மேல். லினக்ஸ் வட்டைச் செருகினால், எனக்கு இது படிக்க வரவில்லை என்று விண்டோஸ் சொல்வதில்லை. பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய் என்கிறது. தன் அறியாமையை வட்டின் குறையாக்கும் மரியாதை கெட்ட வாசகம் அது. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க் எதையாவது செருகும்போது அந்தக் கேள்வி வந்தால், தயவுசெய்து கேன்சலை அழுத்துங்கள். ஒரு லினக்ஸ் லைவ் பென்டிரைவில் கணினியை எழுப்பி உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஃபார்மேட்டை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.