தவலையில் படிந்ததும் இலையில் படிந்ததும்

வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளையாக உப்புப் படியுமே, அதைப் புளி போட்டுத் தேய்த்தே என் பாதி ஆயுசு போய்விட்டது. தாம்பரத்துக்குத் தெற்கே, போர் தண்ணீரில் குடித்தனம் நடத்தும் சகோதரிகளுக்கு இதை நான் விவரிக்க வேண்டியதில்லை. துவரம்பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஆனால் அதே உப்பை என் சின்னவனின் மீன் தொட்டியில், ஒரு செடியின் இலைமேல் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

பிளஸ் ஒன் படிக்கிறான். தீபாவளிப் பணத்தைச் சேர்த்து வைத்து, கொளத்தூர் போய்த் தொட்டியும் மீனும் செடியும் வாங்கி வந்தான். கொஞ்ச நாளிலேயே செடிகள் ஒவ்வொன்றாக அழுகின. நாடா மாதிரி நீளமாக வளரும் வாலிஸ்னேரியா மட்டும் தாக்குப் பிடித்தது. அதன் இலையிலும் வெள்ளைப் பொடி! நோய் என்று அவன் கத்தரியை எடுத்தான். நான் விரலால் தேய்த்துப் பார்த்தேன்; நறநறவென்றது.

"நோயும் இல்லே, ஒண்ணும் இல்லேடா. நம்ம தவலை உப்பு" என்றேன்.

என் படிப்பு பத்தாவதோடு சரி. அவன் ரசாயனப் புத்தகத்தைப் புரட்டித்தான் இருவரும் தெரிந்துகொண்டோம். உப்பு என்று நாம் சொல்வது சுண்ணாம்பு. பூமிக்கடியில் கரியமில வாயு கலந்த தண்ணீர், சுண்ணாம்பைக் கரைத்து எடுத்து வருகிறது. கொதிக்க வைத்தால் வாயு ஓடிவிடும், சுண்ணாம்பு தங்கிவிடும். வாலிஸ்னேரியா அதையே அடுப்பில்லாமல் செய்கிறது. தண்ணீரில் கட்டுண்டு கிடக்கும் வாயுவைப் பிடுங்கித் தின்றுவிட்டு, சுண்ணாம்பை இலைமேல் விட்டுவிடுகிறது. எல்லாச் செடிக்கும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மற்றவற்றுக்கு வாயு தனியாகக் கரைந்திருக்க வேண்டும்.

கடையில் விற்கும் சொட்டு மருந்தால் சோதித்தோம். நிறம் மாற 24 சொட்டு பிடித்தது. ஒரு சொட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் என்று கணக்கு, ஆக 430. குடிக்கிற தண்ணீருக்கு 200க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது நம் நாட்டு அளவு. மொட்டை மாடி மழைத் தண்ணீரைப் பிடித்து, நாலைந்து தடவையாகச் சிறிது சிறிதாக மாற்றிப் பாதிக்குப் பாதி ஆக்கினோம். வெறும் மழைத் தண்ணீர் மட்டும் கூடாது. சுண்ணாம்பு அறவே இல்லாவிட்டால் தண்ணீரின் புளிப்புச் சட்டென்று ஏறி மீனுக்கு ஆகாமல் போகும்.

அப்புறம் ஒரு பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்ட்டும் போட்டு, குழாய் வழியாகத் தொட்டிக்குள் வாயு விட்டான். இட்லி மாவு பொங்குகிற அதே வித்தைதான். புதிதாக நட்ட செடிகள் தளதளவென்று வந்தன.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். காற்று மோட்டார் ராத்திரி முழுக்கக் 'கொர்'ரென்று கத்தும். மாமியாருக்குத் தூக்கம் கெடுமே என்று, எல்லோரும் படுத்தபின் நிறுத்திவிட்டு, பால் வாங்க எழும்போது போட்டுவிடுவேன். ஒரு நாள் விடியற்காலையில் பார்த்தால் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இரண்டு செத்து மிதக்கின்றன.

சட்டென்று மோட்டாரைப் போட்டேன். அவன் எழுந்து வந்து பார்த்தான். "என் ஈஸ்ட்தாம்மா கொன்னுடுச்சு" என்று பாட்டிலைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டான். அன்று சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போனான். நான் வாயைத் திறக்கவில்லை.

பகலெல்லாம் வேலையே ஓடவில்லை. இருட்டில் செடி வாயுவைத் தின்னாது. தானும் நம்மைப்போல மூச்சுவிடும். ஈஸ்ட்டோ ராத்திரி பகல் பார்க்காது. தண்ணீர் மேலே சலசலத்தால்தான் மிஞ்சிய வாயு வெளியேறி, பிராணவாயு உள்ளே இறங்கும். அந்த ஒரு வழியை அடைத்தது நான்!

சாயங்காலம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "நிறுத்தறதுன்னா பகல்லே நிறுத்தும்மா. ராத்திரி வேண்டாம்" என்று மட்டும் சொன்னான்.

ஊஞ்சலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "என் தூக்கத்துக்கா நிறுத்தினே? நான்தான் காது மிஷினைக் கழட்டி வெச்சுட்டுப் படுக்கறேனேடி!"