வாங்கில் இருந்தவன்

உதைபந்தாட்டம் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எங்களுக்குள்ள கதை மெஸ்ஸியா ரொனால்டோவா என்ற சண்டையிலதான் முடியும். இந்தமுறை இரண்டு பேரையும் விட்டிட்டு, இப்ப இருக்கிற பெடியளுக்கு அவ்வளவாத் தெரியாத ஒரு மத்தியகள வீரரைப் பற்றி எழுதுறம். பேர் விகாஷ் தொராசூ. உலகக் கிண்ண இறுதியாட்டம் வரை போன பிரான்ஸ் அணியில் இருந்தவர். ஆனால் அந்தப் பயணத்தின் பெரும்பகுதியை வாங்கில இருந்துதான் பார்த்தவர். ஒவ்வொரு கழகத்திலும் றிசேர்வாக இருக்கிற பெடியன் ஒருத்தன் இருக்கிறான்தானே? இது அவனுக்காகவும்தான்.

1973 ஒக்டோபர் 10இல் தொராசூ பிறந்தது பிரான்சின் வடக்கே, லு ஹாவ்ர் துறைமுகத்தை ஒட்டிய ஆர்ஃப்ளர் என்ற ஊரில். குடும்பம் மொரீசியஸில் இருந்து போனது, பூர்வீகம் தெலுங்கு. ஆகவே "எங்கட ஆள்" என்று நாங்கள் உரிமை கொண்டாட ஏலாது. ஆனால் ஒரு தீவை விட்டுப் பிரான்சுக்குப் போன குடும்பம் என்றால், ஊர்காவற்துறையிலோ புங்குடுதீவிலோ நெடுந்தீவிலோ இருக்கிற எவருக்கும் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சித்தப்பாவோ மச்சானோ அங்க இருக்கினம்.

ஆள் கட்டை. கோல் அடிக்கிறது அவரின்ர வேலை இல்லை. பந்தை வாங்கி, தலையை நிமிர்த்திப் பார்த்து, சரியான நேரத்தில் அடுத்தவனுக்குக் குடுக்கிறதுதான் வேலை. லு ஹாவ்ரில் தொடங்கி 1998இல் லியோனுக்குப் போனார். இடையில் ஒரு பருவம் இரவலாக போர்தோவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து லியோனோடு 2003இலும் 2004இலும் பிரான்ஸ் லீக் சாம்பியன் பட்டத்தை வென்றார். பிறகு இத்தாலியின் ஏசி மிலான், அங்கிருந்து பாரிஸின் பி.எஸ்.ஜி, கடைசியாகத் திரும்பவும் இத்தாலி, லிவோர்னோ. மொத்தம் ஆறு கழகங்கள். பிரான்ஸ் தேசிய அணிக்கு 18 ஆட்டங்கள், 1 கோல்.

இந்தப் பட்டியலில் வாங்கு தெரியாது. 2005 மே 25, இஸ்தான்புல், சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். இடைவேளைக்கு மிலான் 3-0 முன்னிலை. பிறகு லிவர்பூல் மூன்றையும் திருப்பி அடித்து, கடைசியில் தண்ட உதையில் வென்ற கதை எல்லாருக்கும் தெரியும். அந்த இரவு மிலானின் மாற்று வீரர்களில் தொராசூவும் ஒருவர். முழு ஆட்டமும் எழும்பவே இல்லை.

அடுத்த வருசம் நிலைமை மாறினது. 2006 ஏப்ரலில் பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டத்தில் மார்செய்க்கு எதிராக பி.எஸ்.ஜி 2-1 என்று வென்றபோது, இரண்டாவது கோலைத் தூரத்தில் இருந்து அடித்தது அவர்தான். உலகக் கிண்ண அணியிலும் பேர் வந்தது. ஆனால் ஜேர்மனியில் சிடான், வியேரா, மக்கெலேலே இருக்கிற நடுக்களத்தில் இடம் எங்க? இரண்டு ஆட்டங்களில் கடைசி நிமிடங்களில் மட்டும் இறக்கினார்கள். பிரான்ஸ் இறுதியாட்டம் வரை போய் இத்தாலியிடம் தோற்றது.

அந்த நாட்களில் அவரின்ர கையில் ஒரு சூப்பர் 8 கமரா இருந்தது. பிரெட் புலே என்ற நண்பரோடு சேர்ந்து, ஆட்டம் கிடைக்காத ஒருவனின் உலகக் கிண்ணம் எப்படி இருக்கும் என்று தானே படம் பிடித்தார். ஹோட்டல் அறை, ஜன்னல், காத்திருப்பு, எரிச்சல். அதுதான் "சப்ஸ்டிடியூட்". 2007இல் பெர்லின் திரைப்பட விழாவிலும் காட்டப்பட்டது.

இந்தக் கதையை எங்கட ஊரில் சொன்னால் உடனே வரக்கூடிய கேள்வி: "உலகக் கிண்ணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதே பெரிய விசயம், இதுக்குள்ள இவருக்கு என்ன குறை?" அந்தக் கேள்வியிலதான் எங்களுக்குப் பிரச்சினை. இடம் குடுத்தால் வாய் மூடி இருக்கவேணும் என்ற நிபந்தனை அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. தொராசூ அதை ஏற்கவில்லை. பி.எஸ்.ஜி பயிற்றுநரையும் பகிரங்கமாக விமர்சித்தார். 2006 ஒக்டோபரில் கழகம் அவரை வேலையை விட்டே நீக்கியது. பிறகு போன லிவோர்னோவில் ஒரு லீக் ஆட்டமும் ஆடவில்லை. 2008இல் ஓய்வு. வாய் திறந்ததுக்கு விலை இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை.

அந்த நிபந்தனை எங்களுக்கும் புதுசில்லை. நாங்கள் விளையாடுற ரீமில் நெடுந்தீவுப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான். பயிற்சிக்கு வாறதெண்டால் குறிகட்டுவான் வரை படகு, பிறகு பஸ். மட்ச் இழுபட்டால் பின்னேரப் படகு போயிடும், ஆற்றையாவது வீட்டில் படுத்து எழும்பித்தான் போகவேணும். போன பருவம் முழுக்க அவன் வந்தான். இறக்கினது இரண்டே தரம். "ஏன் அண்ணை?" என்று ஒருநாள் கேட்டதுக்கு, "ரீமில பேர் இருக்குதுதானே, பேசாம இரு" என்றுதான் பதில் வந்தது. வெளிநாட்டுக்குப் போன எங்கட அண்ணாமாருக்கும் அதே பதில்தான். பாரிஸில் உணவகக் குசினியில் பத்து மணித்தியாலம் நிண்டு கோப்பை கழுவுறவர் சம்பளம் குறையுது என்று சொன்னால், "விசா கிடைச்சதே காணும்" என்று இங்க இருந்தே சொல்லுறம்.

தொராசூவின் கதை வாங்கோடு முடியவில்லை. தன்பாலீர்ப்பாளர் மீதான வெறுப்புக்கு எதிராக இயங்கிய பாரிஸ் ஃபுட் கே கழகத்துக்குத் துணையாக நின்றார். வெற்றி ஒன்றே குறி என்றில்லாமல் மகிழ்ச்சிக்காகப் பந்தடிக்க வேணும் என்று சொல்லும் "தத்தான்" இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2020 பாரிஸ் மாநகரத் தேர்தலில் 18ஆம் வட்டாரத்தில் நின்றார். எங்கட சனம் கடை போட்டிருக்கிற லாச்சப்பல் பகுதியை ஒட்டின வட்டாரம் அது. வெல்லவில்லை. ஆனால் பேசுறதை நிற்பாட்டவும் இல்லை.

பதினொரு பேர்தான் இறங்கலாம், அது ஆட்டத்தின் விதி. ஆரை இறக்கிறது என்பது பயிற்றுநரின் முடிவு. அதை மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஏன் இறக்கவில்லை என்ற கேள்விக்கு ஒரு ஒழுங்கான பதில் இருக்கவேணும், அவ்வளவுதான். வாற கழகக் கூட்டத்தில் இரண்டு விசயம் கேட்கப் போறம். ஒன்று, மட்ச் முடிஞ்சு கதைக்கேக்க றிசேர்வில இருந்தவையும் கதைக்கவேணும். ஆட்டத்தை முழுசாப் பார்த்தது அவையள்தான். மற்றது, நெடுந்தீவுப் பெடியன் வாற நாளில் மட்சை நேரத்துக்குத் தொடங்கவேணும், அவன் படகைப் பிடிக்கவேணும்.

உங்கட கழகத்தில் எப்படி? அங்க வாங்கில இருக்கிறவனிட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.