லேடி ரஸ்ஸலும் நானும்

ஆபீஸ்ல கொஞ்ச நாளா ஆணி கம்மி. அந்தத் தைரியத்துல ஜேன் ஆஸ்டினோட 'பெர்சுவேஷன்' நாவலை எடுத்தேன். 2000-ல வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படம் இந்தம்மாவோட இன்னொரு நாவலைத் தழுவினதுதான். ஆனா இது அதை விட அமைதியான கதை.

கதை ரொம்ப சிம்பிள். ஆன் எலியட்டுக்கு 19 வயசு, பெரிய இடத்துப் பொண்ணு. வென்ட்வொர்த்னு ஒரு கடற்படைக்காரர், கையில காசு இல்லை. ரெண்டு பேருக்கும் காதல், நிச்சயமும் ஆயிடுது. அம்மா இல்லாத ஆனுக்கு அம்மா மாதிரி இருக்கற லேடி ரஸ்ஸல், "வேணாம்மா"னு எடுத்துச் சொல்றாங்க. ஆன் கேட்டுக்கறா. எட்டு வருஷம் போகுது. இப்ப அவளுக்கு 27. அவர் கேப்டனாகி, 25,000 பவுண்டோட திரும்பி வர்றார். நெஞ்சு நிறைய கோபத்தோடவும்.

மீதியில நிறைய சின்னச் சின்ன ஊர்ல நடக்குது. பக்கத்துப் பக்கத்து வீடு, டீ, நடை, வம்பு. லைம் ரீஜிஸ்னு ஒரு குட்டிக் கடலோர ஊர், அங்க கோப்னு ஒரு கல்லுக்கரை. அந்தப் படிக்கட்டுல இருந்து லூயிசான்னு ஒரு பொண்ணு "பிடிச்சுக்கோங்க"னு குதிச்சு, அடிபட்டு விழறா. பின்னாடி அந்த ஊருக்குப் போன கவிஞர் டென்னிசன், சரித்திரப் புகழ் பெற்ற இடத்தை எல்லாம் விட்டுட்டு, லூயிசா விழுந்த இடத்தைக் காட்டுங்கன்னு கேட்டாராம். வாசகன்னா இப்படி இருக்கணும் :-)

இந்தப் புத்தகம் வந்தது 1817 டிசம்பர்ல. ஆஸ்டின் அந்த ஜூலையிலேயே போய்ச் சேர்ந்துட்டாங்க. அதனால யார் என்ன சொன்னாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. எழுத்தாளர் மரியா எட்ஜ்வொர்த்துக்கு முதல் 50 பக்கம் குடும்பப் புராணம் பிடிக்கலை. ஆனா ஆன் முதுகுல தொத்திக்கிட்டு இருக்கற வாண்டை வென்ட்வொர்த் ஒரு வார்த்தை பேசாம தூக்கி எடுக்கற இடத்துல உருகிட்டாங்க. நானும்தான். கோபமா இருக்கற மனுஷனுக்கு இன்னும் அக்கறை இருக்குன்னு அந்த ஒரு செய்கையிலேயே தெரிஞ்சு போகுது. 1818-ல ஒரு பத்திரிகை விமர்சனம் என்ன சொல்லுச்சு தெரியுமா? சின்னப் பசங்க அவங்கவங்க இஷ்டப்படி கல்யாணம் பண்ணிக்கலாம்னு இந்தக் கதை சொல்லுதாம், அது தப்பாம். எங்க பெரியப்பா எழுதின மாதிரியே இருந்தது.

இப்ப படிக்கறவங்க கட்சியே வேற. பாதிப் பேருக்கு லேடி ரஸ்ஸல்தான் வில்லி. "அந்தக் கிழவியால எட்டு வருஷம் வீணாப் போச்சு"ன்னு ஒரே திட்டு.

எனக்குத் திட்ட முடியலை மக்களே. ஏன்னா லேடி ரஸ்ஸல் நான்தான்.

கொசுவத்தியைச் சுத்திக்கறேன். 2019. காலேஜ் முடிஞ்ச கையோட எனக்கு வேலை கிடைச்சுது. என் ரூம்மேட்டுக்குக் கிடைக்கலை. அவனுக்கு எங்க ஜூனியர் பொண்ணு ஒருத்தி மேல உயிர், அவளுக்கும் இவன் மேல. அவங்க வீட்ல வரன் பாக்க ஆரம்பிச்சதும் என்கிட்ட வந்து, "அவங்கப்பாகிட்ட போய்ப் பேசவாடா?"ன்னான். "வேலை இல்லாம போய் என்னத்தடா பேசுவே? அவளையும் தொங்கல்ல விடாதே. விட்டுரு"ன்னேன். விட்டுட்டான். அடுத்த வருஷம் கொரோனா வந்து ஊரே முடங்கினப்ப, எவ்வளவு சரியாச் சொன்னோம்னு எனக்குள்ள ஒரு பெருமை வேற.

2021 கடைசியில அவனுக்கு நல்ல வேலை கிடைச்சுது. 2023-ல அவளுக்குக் கல்யாணம் ஆச்சு.

நாவல்ல எனக்கு உறுத்தினது வேற ஒரு இடம். எல்லாம் சேர்ந்த பிறகு ஆன் சொல்றா: நான் பேச்சைக் கேட்டது தப்பில்லை, ஆனா அதே நிலைமையில இன்னொருத்தருக்கு நான் அப்படி ஒரு யோசனை சொல்லவே மாட்டேன். ரெண்டையும் ஒண்ணா எப்படிச் சொல்ல முடியும்னு சில வாசகர்கள் சண்டைக்கு வர்றாங்க. முடியும். யோசனை சொல்றவனுக்கு இழப்பு எதுவும் இல்லை, அதான் விஷயம். லேடி ரஸ்ஸல் கணக்கு போட்டதுல பிழை இல்லை: போர்க்காலம், பணமில்லை, ஆளே உயிரோட திரும்பாம போகலாம். ஆனா அந்தக் கணக்குல வென்ட்வொர்த்ங்கற மனுஷன் இல்லை. என் கணக்குலயும் வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, அவன் இல்லை.

லேடி ரஸ்ஸல் கடைசியில தான் நினைச்சது தப்புன்னு ஒத்துக்கிட்டாகணும். சரி, நாமளும் செய்வோம்னு ஞாயித்துக்கிழமை போன் போட்டேன். சுத்தி வளைச்சு விஷயத்துக்கு வந்தேன். அவன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நீ சொன்னேடா, நான்தானே கேட்டேன்? சரி, அதை விடு. வேலை கிடைச்ச அன்னிக்கு அவளுக்கு ஏன் ஒரு போன் பண்ணலை? ஒன்றரை வருஷம் இருந்துச்சே. அவளாக் கூப்பிடட்டும்னு இருந்தேன். அதுக்கு நீயா காரணம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இதே தான் நாவல்லயும்! 1808-ல கையில கொஞ்சம் காசும் கப்பலும் கிடைச்சப்ப எழுதியிருந்தா சரின்னு சொல்லியிருப்பியான்னு வென்ட்வொர்த் கேக்கறார். மாட்டேனான்னு ஆன் பதில் சொல்றா. லேடி ரஸ்ஸலை விடப் பெரிய எதிரி தான்தான்னு அவர் உணர்ற இடம் அது. என் நண்பன் நாவலை எல்லாம் படிச்சதே இல்லை.

"ரொம்ப சுலபமா சேர்த்து வெச்சுட்டாங்க"ன்னு இந்தக் கதை மேல ஒரு குறை உண்டு. அந்தக் குறை நியாயம்தான். வென்ட்வொர்த் திரும்பி வந்தப்ப ஆன் தனியா இருந்தா, அவ்வளவுதான். அது அதிர்ஷ்டம். எல்லா ஊர்லயும் அது நடக்கறதில்லை.

போனை வைக்கறப்ப அவன் கேட்டான்: "அந்தப் புக்ல கடைசியில சேர்ந்துடறாங்களா?"

"ஆமாடா."

"சரி, அனுப்பு."

டிஸ்கி: அவனைக் கேட்டுட்டுத்தான் எழுதினேன். லேடி ரஸ்ஸல் கட்சிக்காரங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல ஒரு கை கொடுங்கப்பா, தனியா நிக்கறேன்.