பதினைந்து மீட்டர் தரை

கோலாலம்பூரிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் மேற்கே வந்தால் கடைசி நிலையம் போர்ட் கிள்ளான். பக்கத்திலேயே படகுத்துறை. வார இறுதியில் வருகிறவர்களில் பலர் ரயிலை விட்டு இறங்கியதும் பூலாவ் கெத்தாம் படகில் ஏறிவிடுவார்கள். ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், இங்கேயே பிறந்து வளர்ந்த நாங்களும் கிரேனையும் கண்டெய்னரையும்தான் காட்டுவோம்.

இந்த வாரம் வேறொன்றைக் காட்டுகிறேன். நோர்த்போர்ட்டை ஒட்டிய கடலோரத்தில் தஞ்சோங் ஹராப்பான் இருக்கிறது. 'நம்பிக்கை முனை' என்று பொருள். மாலையில் வெயில் இறங்கியதும் தூண்டில்காரர்கள், காற்றாடி விடும் பிள்ளைகள், கடலுணவு சாப்பிட வந்த குடும்பங்கள் என்று இடம் நிறைந்துவிடும். எதிரே தீவுகளின் பச்சைக் கோடு. கப்பல்கள் கூப்பிடு தூரத்தில் போவதுபோல் தெரியும். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், வழவழப்பான தரை கிடைக்கிற இடமாகப் பார்த்து, ஆரஞ்சு நிறக் குட்டிக் கூம்புகளை வரிசையாக அடுக்கிவைத்து நாங்கள் ஆறேழு பேர் சக்கரக் காலணியில் கால் பின்னிக்கொண்டிருப்போம்.

கால் தரையைப் பற்றிச் சொல்வதானால் 1901-இலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்ற பெயரில் இந்தத் துறைமுகம் திறக்கப்பட்டபோது சுற்றிலும் அலையாத்திக் காடும் சேறும்தான். திறந்த கொஞ்ச நாளிலேயே மலேரியா ஆட்களைச் சாய்த்தது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவரின் யோசனைப்படி காட்டை அழித்து, வாய்க்கால் வெட்டி, தேங்கிய நீரை வடியவைத்த பிறகே ஊர் நிமிர்ந்தது. மெட்ராஸிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி வந்த நம் தாத்தா பாட்டிகளில் பலர் இறங்கியது இங்கேதான். 'ரஜூலா' கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் பெரியவர்களுக்கு முகம் மாறும். 1972-இல் பெயர் போர்ட் கிள்ளான் ஆனது. 2023-இல் இருபது அடி அளவில் கணக்கிட்டால் 14 மில்லியன் கண்டெய்னர்கள் இந்தத் துறைமுகத்தின் வழியாகப் போய்வந்தன.

அவ்வளவு சரக்கும் கரையேறினால் சாலைக்குத்தான் வரவேண்டும். எங்கள் ஊர்ச் சாலை லோரிகளின் சாலை. என் அப்பா முப்பது ஆண்டுகள் டிரெய்லர் ஓட்டியவர். எங்கள் வீட்டில் மட்டும் சைக்கிள் கிடையாது. "மேல உக்காந்திருக்கிறவனுக்கு இடது பக்கம் கீழ வர்ற பிள்ளை தெரியாதும்மா" என்பார். ஓட்டியவருக்குத் தெரியும். அதனால் முப்பது வயது தாண்டும்வரை நான் சக்கரத்தில் ஏறியதில்லை. வானொலியில் காலை நிகழ்ச்சி முடித்து வீடு திரும்பி, உட்கார்ந்தே கழியும் நாட்களுக்கு மாற்றாகத்தான் இதைத் தொடங்கினேன்.

இந்த விளையாட்டுக்கு இன்லைன் ஃப்ரீஸ்டைல் ஸ்லாலம் என்று பெயர். ஒரே வரிசையில் நான்கு சக்கரங்கள் கொண்ட காலணி. நடுவில் உள்ள இரண்டு சக்கரங்களும் சில மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் கால் சுலபமாகத் திரும்பும். கூம்பு சுமார் எட்டு சென்டிமீட்டர் உயரம். போட்டியில் 50, 80, 120 சென்டிமீட்டர் இடைவெளிகளில் வரிசைகள் வைப்பார்கள். வேகப் பிரிவில் 80 சென்டிமீட்டர் இடைவெளியில் 20 கூம்புகள், ஒற்றைக் காலில். இடறும் ஒவ்வொரு கூம்புக்கும் 0.2 வினாடி கூடும். உலகின் முன்னணி வீரர்கள் அந்த வரிசையை ஐந்து வினாடிக்குள் கடந்துவிடுகிறார்கள். இன்னொரு பிரிவில் இசைக்கு ஏற்ப நடனம்போல் ஆட வேண்டும். ஹாங்சோவில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதற்கும் பதக்கங்கள் இருந்தன.

முதலில் கற்கும் வித்தைகளில் ஒன்று கிரிஸ்-கிராஸ். முதல் கூம்பின் இருபுறமும் கால்கள் விரிந்து போகும். அடுத்த கூம்புக்குள் வலது கால் இடப்பக்கமும் இடது கால் வலப்பக்கமும் மாறிப் பின்னிக்கொள்ளும். மூன்றாவதில் மறுபடி பிரியும். இரண்டு கால்கள் விட்டுச்செல்லும் தடத்தைத் தரையில் வரைந்து பார்த்தால் சிக்குக் கோலம்! கூம்புகள்தான் புள்ளிகள்.

பார்க்க எளிது. பழகும்போதுதான் தெரியும், கால் பிரிந்திருக்கையில் உடல் எடை கட்டைவிரல் பக்கம் சாய்கிறது. பின்னியிருக்கையில் சுண்டுவிரல் பக்கம் சாய வேண்டும். வாழ்நாளில் நாம் அந்த விளிம்பில் நின்றதே இல்லை. கணுக்கால் மறுக்கும். இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இருந்தால் சக்கரங்கள் மோதிக்கொள்ளும். ஆகவே ஒரு கால் அரைக் காலணி நீளமாவது முன்னால் போக வேண்டும். குதிகாலில் பிரேக் இருந்தால் பின்னும்போது தட்டும் என்பதால் கழற்றிவிடுவார்கள். அதற்கு முன்பே, ஒரு காலை மற்றதன் பின்னால் குறுக்கே வைத்து உரசி நிற்கப் பழகிவிட வேண்டும்.

எனக்குச் சொல்லிக்கொடுப்பவர் கல்லூரி மாணவர். முதல் மாதம் கூம்பே வைக்கவில்லை. கால்களை விரித்துச் சேர்ப்பது மட்டும். பிறகு தரையில் சாக்பீஸ் புள்ளி. அதன் பிறகே கூம்பு.

"அக்கா, காலைப் பார்க்காதீங்க. நாலாவது கூம்பைப் பாருங்க" என்பார்.

இது எனக்கு உடனே பிடிபட்டது. ஒலிபரப்பில் செய்தி வாசிக்கும்போது வாய் ஒரு வரியில் இருக்கும், கண் அடுத்த வரிக்குப் போயிருக்கும். கண் வாய்க்கு இறங்கினால் நாக்கு தடுக்கும். காலுக்கும் அதே கதைதான். ஐந்தாவது மாதத்தில் எட்டு கூம்புகள் வந்தன. இப்போது பன்னிரண்டு. இருபதை இன்னும் எட்டவில்லை.

கால் பின்னுவது இந்தப் பிரிவுக்கு மட்டும் உரியதல்ல. வேகச் சறுக்கில் வளைவு வந்தால் வெளிக்கால் உட்காலைத் தாண்டிக் குறுக்கே விழ வேண்டும். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹேயில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டர் தங்கம் வென்றவர் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார். செய்தி வந்த வாரம் எங்கள் கூட்டத்துப் பிள்ளைகள் அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பார்கள் என்று கணக்கில்லை.

ஒருநாள் அப்பாவும் வந்தார். கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர், "வரிசை கோணலா இருக்கு" என்று எழுந்தார். அளவு நாடாவை வாங்கி, முதல் கூம்பிலிருந்து கடைசி வரை ஒரு கண்ணை மூடிப் பார்த்துப் பார்த்து நேராக்கினார். நாற்பது அடி டிரெய்லரைப் பின்பக்கமாக ஓட்டிச் சரியான இடத்தில் நிறுத்திய கண் அல்லவா! இருபதாவது கூம்பை வைத்து நிமிர்ந்து, "இவ்ளோதானா? ஒரு டிரெய்லர் நிறுத்துற இடம்தானே" என்றார்.

அப்பா சொன்னதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். இருபது கூம்புகளுக்கு 15.2 மீட்டர். நாற்பது அடிக் கண்டெய்னர் 12.2 மீட்டர், இழுக்கும் லோரியையும் சேர்த்தால் எங்கள் வரிசை அதற்குள் அடங்கிவிடும். ஆனால் அந்தத் தரை வழவழப்பாக இருக்க வேண்டும். சக்கரத்தின் விட்டம் 76 அல்லது 80 மில்லிமீட்டர். ஒரு சிறு கல் போதும் ஆளைக் கவிழ்க்க. இங்கே சதுப்பை நிரப்பிய மண் மெல்ல அமிழ்வதால் பதித்த கற்கள் ஏறி இறங்கிக் கிடக்கும். நல்ல தரை தெரிந்தால் அங்கே ஏற்கெனவே கார் நிற்கும்.

எதிரே பூலாவ் கெத்தாமைப் பாருங்கள். தூண்கள்மேல் நிற்கும் அந்த மீனவர் கிராமத்தில் கார் கிடையாது. பிள்ளைகள் சைக்கிளில் சுற்றுகிறார்கள். கரையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அடுக்குமாடி நடைபாதைதான் திடல். கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகரமானது. இனி போடும் ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு டிரெய்லர் அளவுக்கு வழவழப்பான சிமெண்டுத் தரையும் மேலே ஒரு விளக்கும் இருந்தால், சறுக்க, சைக்கிள் பழக, நடை வண்டி தள்ள, எல்லாவற்றுக்கும் ஆகும். பெரிய செலவில்லை. கேட்க வேண்டியது பெற்றோர்கள்.

வர நினைப்பவர்களுக்கு: ஞாயிறு மாலை ஐந்தரைக்கு மேல் வெயில் தணிந்திருக்கும். மழை பெய்திருந்தால் வேண்டாம், ஈரத் தரை வழுக்கும். தலைக்கவசம், மணிக்கட்டு, முழங்கால் காப்பு மூன்றும் கட்டாயம். விழும்போது முதலில் ஊன்றுவது கைதான். வீடு திரும்பியதும் சக்கரத்தைத் துடைத்து பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், கடற்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். ஒரு சிறு விளக்குமாறும் கொண்டுவாருங்கள். எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.