ஐப்பசியில் அந்தமான்

கொல்கத்தாவில் மானிடவியல் ஆய்வு செய்துவரும் தமிழ்ப் பெண் ஒருவர், துர்கா பூஜை விடுமுறையில் அந்தமான் செல்லத் திட்டமிட்டார். உடன் வருவோர் இருவர்: இயற்பியல் ஆசிரியரான கணவர், ஊரிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தந்தை. கைவசம் ஏழு நாட்கள்.

வங்காளத்தில் சரத்காலம் என்றால் வெளுத்த மேகமும் நாணற்பூவும். அந்தமானில் அப்படியன்று. தென்மேற்குப் பருவமழை முற்றாக விலகுமுன்பே வடகிழக்குப் பருவமழை எட்டிப் பார்க்கும். வங்கக் கடலில் புயல் உருவானால் தீவுகளுக்கிடையிலான கப்பல்கள் நின்றுவிடும். ஆகவே கணவர் முதலில் குறித்தது இடங்களையல்ல, இரண்டு வெற்று நாட்களை. அடுத்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். விஜயதசமிக்கு ஐந்தாம் நாள் பௌர்ணமி. அதையொட்டிக் கடல் மிகுதியாக உள்வாங்கும். நீல் தீவில், இன்றைய ஷஹீத் தீவில், பாறைப் பாலத்தின் அடிவரை நடந்து பவளப் பாறைகளிடையே தேங்கிய நீரில் உயிரினங்களைக் காணலாம். ஆனால் ஹேவ்லாக்கில் இரவில் துடுப்புப் படகில் சென்று கடலின் உயிரொளியைக் காண வேண்டுமெனில் அமாவாசை இருட்டு வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில் வாய்க்காது. விடுமுறை பூஜையோடு வந்ததால் பௌர்ணமி வென்றது. கொல்கத்தாவுக்கும் கிழக்கே இருந்தும் அதே இந்திய நேரத்தைப் பின்பற்றும் தீவுகள் அவை. ஐப்பசியில் மாலை ஐந்து மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். எனவே நாள்தோறும் விடியலிலேயே புறப்பட வேண்டும் என்று எழுதிவைத்தார்.

தந்தை கேட்டது ஒன்றுதான்: செல்லுலார் சிறையில் அரைநாள். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடத்தின் ஏழு சிறகுகளில் மூன்றே எஞ்சியுள்ளன. அந்த வளாகத்தில் இப்போது அரசு மருத்துவமனை இயங்குகிறது. ஒலி-ஒளிக் காட்சியைவிட இதுவே அவ்வூரைப் பற்றி அதிகம் சொல்லும்.

சிக்கல் பாராடாங் சுண்ணாம்புக் குகையில் வந்தது. அங்கே செல்லும் அந்தமான் பெருஞ்சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. ஜிர்காடாங்கிலிருந்து வண்டிகள் வரிசையாக, காவலோடு அனுப்பப்படுகின்றன. நிற்பதும் படமெடுப்பதும் குற்றம். சில நூறு பேரே உள்ள அம்மக்களின் பகுதியில் அச்சாலையை மூடுமாறு 2002-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சாலை இன்றும் திறந்தே இருக்கிறது.

“அனுமதி இருக்கிறது. நாம் குகையைப் பார்க்கத்தானே போகிறோம்? ரங்கத், மாயாபந்தர் மக்கள் மருத்துவமனைக்கு வருவதும் அந்த வழியாகத்தானே?” என்றார் கணவர். நியாயமான கேள்வி. ஆய்வாளர்கள் பலர் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

“அவர்களுக்கு அந்தச் சாலை தேவை. நமக்கு விடுமுறைக்குத் தேவையா?” என்றார் மனைவி.

“குகைக்குப் போகிற வண்டியில் எல்லோரும் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வருவார்கள், மாப்பிள்ளை?” என்று தந்தை கேட்டார். கணவர் பதில் சொல்லவில்லை.

இழப்பு கணவருக்கு மட்டுமன்று. 1925-இல் பர்மாவிலிருந்து குடியேறத் தொடங்கிய கரேன் மக்களின் ஊர்கள் மாயாபந்தரை அடுத்துள்ளன. அவற்றைக் காண வேண்டும் என்பது அப்பெண்ணின் நெடுநாள் விருப்பம். தரைவழி அதே சாலைதான். கப்பலை நம்பினால் ஏழு நாட்கள் போதா. பட்டியலிலிருந்து பாராடாங்கை நீக்கிய கையோடு மாயாபந்தரையும் அவரே அடித்தார். அடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

பண்பாடு என்ற தலைப்பின்கீழ் அதன்பின் எஞ்சியவை எளியவை: கைதிகளின் வழித்தோன்றல்களும் தமிழரும் தெலுங்கரும் வங்காளியரும் பேரம் பேசும் தலைநகரின் கடைத்தெரு, பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் குடியேறிய நீல் தீவில் பூஜைப் பந்தலில் ஒரு மாலை. தலைநகரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என மாறியதும், ராஜேந்திர சோழன் படையெடுத்த ஸ்ரீவிஜயத்தைப் பற்றித் தந்தை ஒரு மணி நேரம் பேசியதும் தனிக்கதை.

கணவருக்கு ஹேவ்லாக்கில் ஆழ்கடல் முக்குளிப்பு ஒதுக்கப்பட்டது. முக்குளித்தபின் விமானமேறக் குறைந்தது பதினெட்டு மணி நேர இடைவெளி தேவை என்பதால் அது நான்காம் நாளுக்கு நகர்ந்தது. நீல் தீவுக்கு ஐந்தாம் நாள். வெற்று நாட்கள் இரண்டும் இறுதியில் வைக்கப்பட்டன, கப்பல் நின்றாலும் ஊர் திரும்ப வழியிருக்கட்டும் என்று.