கெட்டு வள்ளத்தில் ஒரு நட்டு

கெட்டு வள்ளம் என்றதும், அது ஏதோ கெட்டுப் போன வள்ளம் என்று தமிழ் நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. மலையாளத்தில் கெட்டு என்றால் கட்டு. ஆணி அடிக்காமல், பலகையோடு பலகையைக் கயிற்றினால் கட்டிச் செய்த வள்ளம் என்பதே அந்தப் பெயரின் பொருள். இன்று ஆலப்புழையில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு வேம்பநாட்டுக் காயலில் மிதந்து செல்லும் வீட்டுப் படகுகளுக்கு மூதாதை இந்த வள்ளந்தான்.

சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் குடும்பத்துடன் அங்கே சென்றிருந்தோம். காயலின் அழகைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஆகையால் தென்னஞ் சோலையையும் அஸ்தமன சூரியனையும் அவர்களுக்கே விட்டுவிடுகிறோம். எங்கள் மனத்தில் ஆழப் பதிந்தது, படகு புறப்படுவதற்கு முன் கரையோரத்திலே கழிந்த இரண்டரை மணி நேரம்.

அதைச் சொல்லுமுன் வள்ளத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆஞ்ஞிலி என்று அவர்கள் சொல்லும் அயினி மரத்தின் நீண்ட பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்துகிறார்கள். விளிம்பை ஒட்டித் துளையிட்டு, இடுக்கின் மேல் தென்னை நாரைத் திணித்து, துளைகளின் வழியே கயிற்றைக் கோத்து இழுத்து முடிகிறார்கள். பிறகு முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுத்த கரிய எண்ணெயைப் பூசுகிறார்கள். இரும்பு ஆணியானால் உப்புக் கலந்த நீரில் துருப்பிடிக்கும். துருவானது தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் அரித்துவிடும். கயிற்றுக்கு அந்த வியாதி இல்லை. தளர்ந்தால் அறுத்தெறிந்துவிட்டு வேறு கயிறு கோக்கலாம். நம் சோழமண்டலக் கரைக்கும் இந்த வித்தை புதிதன்று. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பலிலிருந்து மனிதர்களையும் மூட்டைகளையும் அலைகளுக்கு மேலாகக் கரை சேர்த்த மசூலாப் படகும் கயிற்றால் தைத்ததுதான். அலை மோதும்போது ஆணி அடித்த படகு விறைத்து நின்று பிளக்கும். தைத்த படகு சற்றே வளைந்து கொடுத்துத் தப்பிக்கும்.

நெல்லும் கொப்பரையும் ஏற்றிய காலத்தில் கெட்டு வள்ளத்தின் வயிறு திறந்தே கிடந்தது. சரக்கை இறக்கியதும் வள்ளக்காரர் உள்ளே குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையும் விரலால் தடவிப் பார்ப்பார். சாலைகளும் லாரிகளும் வந்து சரக்கைப் பறித்துக்கொண்ட பின் வள்ளங்கள் வேலையிழந்து கிடந்தன. 1990-களின் தொடக்கத்தில் அவற்றின்மேல் அறைகள் கட்டி, பிரயாணிகளை ஏற்றத் தொடங்கினார்கள். தரை வந்தது, கட்டில் வந்தது, குளியலறையும் இயந்திரமும் வந்தன. வசதி ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கைப்பிடிக் கம்பிகளைக் கயிற்றால் தைக்க முடியாதல்லவா? ஆகவே நட்டும் போல்ட்டும் வந்து சேர்ந்தன.

எங்களுக்கு வாய்த்த படகின் பெயரைச் சொல்வதற்கில்லை. முன்தளத்தில் ஏறியதுமே எங்கள் சிறுமி ஓடிப்போய்க் கைப்பிடிக் கம்பியின்மேல் சாய்ந்தாள்.

"இந்தத் தூண் ஆடுகிறதே, பார்த்தீர்களா?" என்றாள் எங்கள் சகதர்மிணி, குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டே.

படகு ஓட்டுபவரை அங்கே ஸ்ராங்கு என்கிறார்கள். அவர் வந்து தூணை அசைத்துப் பார்த்து, "ஒன்றுமில்லை மாஷே, கொஞ்சம் பசை வைத்தால் சரியாகிவிடும்" என்றார். மாஷ் என்றால் வாத்தியார். எங்கள் தொழில் எப்படித்தான் நெற்றியில் எழுதியிருக்கிறதோ, தெரியவில்லை!

வாத்தியார் என்றபின் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா? தூணின் உயரம் 3 அடி. அதன் அடித்தட்டில் நட்டுக்கும் எதிர் விளிம்புக்கும் இடைவெளி 3 அங்குலம். உச்சியில் 10 கிலோ அளவுக்கு ஒருவர் சாய்ந்தால், நெம்புகோல் விதிப்படி அடியில் ஏறக்குறைய 120 கிலோ இழுப்பு விழும். குழந்தைகள் கைப்பிடியைச் சாய்வதற்கென்றே ஏற்பட்ட சாதனமாகக் கருதுகிறவர்கள். கீழேயோ ஆழமான காயல்.

நாங்கள் பிடிவாதம் பிடிக்கவே, ஆசாரியை அழைத்து வந்தார்கள். அறுபது வயதுக்கு மேலிருக்கும். கூடவே மெலிந்த தேகமுள்ள ஒரு வாலிபன், அவருடைய மருமகன். ஆசாரி தூணைத் தொடவே இல்லை. திருப்புளியின் பிடியால் தளப்பலகையை அங்குமிங்கும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். தூணின் அருகில் மட்டும் ஓசை மந்தமாக இருந்தது. "மழைத் தண்ணீர் போல்ட்டு வழியாக இறங்கி மரம் இளகிவிட்டது. இயந்திரத்தின் நடுக்கத்தில் நட்டும் கழன்றிருக்கிறது. மேலே பசை வைத்தால் கண்ணுக்குத்தான் உறுதி" என்றார். அவருடைய மலையாளமும் எங்கள் தமிழும் தங்களுக்குள் சமாதானமாகவே போயின.

நட்டு எங்கே? முன்னறைக் கட்டிலுக்குப் பின்னால், அலங்காரப் பலகைக்கு அப்பால், ஒரு கை மாத்திரம் நுழையக்கூடிய இருட்டில்! கட்டிலை நகர்த்தி, பலகையில் ஒரு சாண் சதுரம் அறுத்தெடுத்தார்கள். வாலிபன் பக்கவாட்டில் படுத்துத் தோள்வரை கையை விட்டான். கண்ணால் பார்ப்பதற்கில்லை, விரல்தான் கண். ஸ்பானரை ஒரு கயிற்றால் மணிக்கட்டில் கட்டியிருந்தான். கை நழுவினால் அது படகின் அடிவயிற்றுக்குப் போய்விடும். பிறகு தரையையே பெயர்க்க வேண்டியதுதான்.

மேலே ஆசாரி போல்ட்டின் தலையைத் திருப்புளியால் அசையாமல் பிடித்துக்கொள்ள, கீழே வாலிபன் நட்டைக் கழற்றினான். இளகிய மரத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, அதே அளவில் நல்ல மரத்துண்டை இறுக்கி அடித்து, புதிதாகத் துளையிட்டார் ஆசாரி. பிறகு தளத்தின் அடிப்புறத்தில் வைப்பதற்கு உள்ளங்கை அகலமுள்ள ஒரு பலகையைக் கொடுத்தார். இழுப்பு ஒரே இடத்தில் விழாமல் பலகை முழுவதும் பரவுவதற்காக இந்த ஏற்பாடு. பழைய நட்டு அப்படி எதையும் ஆதாரமாகக் கொள்ளாமல் வெறும் மரத்தைக் கடித்துக்கொண்டிருந்ததாம்.

மிகவும் சிரமமான கட்டம் புதிய நட்டை மாட்டுவது. வாஷரை ஒரு நூலில் கட்டி, நட்டைக் கொஞ்சம் கிரீஸ் தடவி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டான் வாலிபன். இரண்டு முறை மரை பிடிக்காமல் நழுவிற்று. ஸ்ராங்கு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆசாரியோ மேலிருந்து, "மெதுவாக, மோனே! முதலில் பின்னோக்கிச் சுற்று. மரை விழுகிற இடம் விரலுக்குத் தெரியும், அப்புறம் முன்னோக்கிச் சுற்று" என்றார். சிறிது நேரம் மௌனம். "கிட்டியது, அம்மாவா!" என்று கட்டிலுக்கடியிலிருந்து குரல் வந்தது. அம்மாவன் என்றால் தாய்மாமன். அந்த நட்டை முடுக்கியபின் அதன்மேல் இன்னொரு நட்டையும் ஏற்றி, ஒன்றோடொன்று நெருக்கிப் பூட்டினார்கள். நடுக்கத்தில் ஒன்று கழல நினைத்தாலும் மற்றொன்று விடாது.

பிறகு ஆசாரி தூணின்மேல் தம் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தார். அசையவில்லை. சிறுமியை அழைத்து, "இனிச் சாய்ந்துகொள், மோளே" என்றார். எத்தனையோ பரீட்சைகளை நடத்தியிருக்கிறோம். தாம் செய்த வேலையைத் தம் உடலாலேயே பரீட்சித்துப் பார்க்கும் பரீட்சகரை அன்றுதான் கண்டோம்.

அறுத்தெடுத்த பலகையைத் திரும்ப ஆணி அடித்து மூடிவிடும்படி ஸ்ராங்கு சொன்னார். ஆசாரி கேட்கவில்லை. அடுத்த மழைக்குப் பின் யாராவது நட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டாமா என்று கேட்டு, இரண்டு சிறிய பித்தளைக் கீல்களை வைத்து அதை ஒரு குட்டிக் கதவாகச் செய்துவிட்டார். அறையின் அழகு கெட்டுவிட்டதென்று ஸ்ராங்குக்கு வருத்தம். நாங்கள் புறப்படுவதற்குள் அந்தக் கதவின்மேல் ஒரு நாள்காட்டியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்.